குழந்தையின் கையில் அடங்கிய புத்தகம்: பெண் எழுத்தாளர்களும் லண்டன் பதிப்பாளர்களும்

முதல் வகுப்புப் பாடநூலைத் திறந்து பாருங்கள். எழுத்துகள் பெரியவை. வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கிறது. ஓரங்களில் வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. முதலில் சின்னச் சொற்கள் வருகின்றன, பின்னர் நீண்ட சொற்கள் வருகின்றன. வீடு, பூனை, மழை, அம்மா என்று குழந்தைக்குத் தெரிந்த உலகிலிருந்து பாடம் தொடங்குகிறது. இவை எல்லாம் இயல்பானவை என்றே நமக்குத் தோன்றும். ஆனால் 250 ஆண்டுகளுக்கு முன் அச்சுத்தொழில் செழித்திருந்த இங்கிலாந்தில்கூட இப்படி ஒரு நூல் கிடைப்பது அரிது. அத்தகைய நூல்கள் வேண்டும் என்று கேட்டு, அவற்றை எழுதியும் தந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பலர் ஆசிரியர்கள், சிலர் தாய்மார்கள். அவர்கள் எழுதியதை நம்பிப் பணம் போட்டு அச்சிட்டவர்கள் லண்டனின் சில புத்தக வணிகர்கள். அந்த எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் பற்றியது இக்கட்டுரை.

கொம்புப் பலகையிலிருந்து புத்தகக் கடைக்கு

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் குழந்தைகள் எழுத்தறியப் பயன்பட்டது 'ஹார்ன்புக்' எனப்படும் கொம்புப் பலகை. கைப்பிடி வைத்த சிறு மரப்பலகையில் அகரவரிசையும் ஒரு பிரார்த்தனையும் அச்சிட்ட தாளை ஒட்டி, அதன்மேல் மெல்லிதாகச் சீவிய மாட்டுக்கொம்புத் தகட்டைப் பொருத்தியிருப்பார்கள். அதை முடித்த குழந்தை அடுத்துச் சமய வினாவிடை நூலுக்கோ பைபிளுக்கோ போக வேண்டும். குழந்தைக்கென்றே எழுதி, குழந்தை விரும்பி வாங்கும் நூல் என்பது பரவலான பண்டமாக இருக்கவில்லை.

அந்தச் சந்தையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜான் நியூபெரி. 1744இல் அவர் 'அழகிய சின்னப் பையடக்கப் புத்தகம்' என்று பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டார். விலை 6 பென்ஸ். கூடுதலாக 2 பென்ஸ் கொடுத்தால் சிறுவனுக்கு ஒரு பந்தோ சிறுமிக்கு ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தையோ சேர்த்துக் கிடைக்கும். இன்றைய 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' போன்ற வணிக உத்திதான் இது. அவர் கடையில் காய்ச்சல் மருந்துப் பொடியும் விற்றது. லண்டன் புனித பவுல் பேராலயத்தைச் சுற்றியிருந்த தெரு அன்று புத்தக வணிகத்தின் மையம். நியூபெரியின் கடையும் அங்கேதான் இருந்தது. சிறந்த சிறுவர் நூலுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் 1922 முதல் வழங்கிவரும் பதக்கம் அவர் பெயரைத் தாங்கியது.

1749இல் சாரா ஃபீல்டிங் எழுதிய 'த கவர்னஸ்' என்ற நூல் வெளிவந்தது. ஒரு சிறு பள்ளியில் படிக்கும் ஒன்பது சிறுமியரின் கதை அது. ஒரு கூடை ஆப்பிளில் பெரியது யாருக்கு என்ற சண்டையில் கதை தொடங்குகிறது. குழந்தைகளுக்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் முழுநீளப் புதினம் என்று இதைக் குறிப்பிடுவது வழக்கம். பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட கதைகளுக்கும் இதுவே முன்னோடி.

பார்பால்டும் ஜான்சனும்

அன்னா லெட்டீஷியா பார்பால்ட் 1743இல் பிறந்தவர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத கிறித்தவக் குடும்பம். அப்பிரிவினருக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற வழியில்லை. எனவே அவர்கள் தங்களுக்கெனக் கல்விக்கூடங்களை நிறுவிக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்றான வாரிங்டன் கல்விக்கூடத்தில் அவர் தந்தை ஆசிரியர். கதவு அடைக்கப்பட்ட ஒரு பிரிவினர் கல்வியில் புதுவழிகளைத் தேடியது வியப்பல்ல.

1774இல் திருமணமான பின் சஃபோக் மாவட்டத்துப் பால்கிரேவ் என்னும் ஊரில் கணவருடன் சேர்ந்து அவர் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்தினார். தம்பி மகன் சார்லஸைத் தத்தெடுத்து வளர்த்தார். அவனுக்குப் படிக்கக் கற்பிக்க ஏற்ற நூல் கிடைக்காததால் தாமே எழுதினார். 'குழந்தைகளுக்கான பாடங்கள்' என்ற பெயரில் 1778–79இல் வெளிவந்த அந்தச் சிறு நூல்கள் 2 முதல் 3 வயது, 3 வயது, 3 முதல் 4 வயது என்று அகவை வாரியாகப் பிரிக்கப்பட்டவை. ஒரு தாயும் மகனும் வீட்டிலும் வயல்வெளியிலும் பேசிக்கொள்வதுதான் பாடம்.

நல்ல தாள், தெளிவான பெரிய எழுத்து, தாராளமான இடைவெளி, குழந்தையின் கைக்கு அடங்கும் அளவு ஆகியவை வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இது பதிப்பாளருக்குச் செலவு வைக்கும் கோரிக்கை. அன்று நூலின் விலையில் பெரும்பங்கு தாளுக்கே போனது. எழுத்தைப் பெரிதாக்கி இடைவெளி விட்டால், அதே பாடத்துக்குப் பல மடங்கு தாள் தேவைப்படும். அந்தச் செலவை ஏற்றவர் ஜோசப் ஜான்சன். புனித பவுல் பேராலயத் தெருவில் 72ஆம் எண் கடைக்காரரான அவரும் திருச்சபை சாராத பிரிவினரே. பார்பால்டின் கவிதைகளை 1773இல் வெளியிட்டவரும் அவர்தான். 'பாடங்கள்' நூல் நூறாண்டுக்கு மேலாக மீண்டும் மீண்டும் அச்சானது.

மார்ஷல் கடையின் சிலந்திவலை

ஜான் மார்ஷலின் பின்னணி வேறு. தெருவில் கூவி விற்கும் மலிவுக் கதைப் புத்தகங்களையும் பாட்டுத் தாள்களையும் அச்சிடும் குடும்பத் தொழிலில் இருந்து வந்தவர் அவர். 1780களில் சிறுவர் நூல் பக்கம் திரும்பினார். அவருக்கு எழுதியவர்களுள் முக்கியமானவர் எலனோர் ஃபென். நார்ஃபோக் மாவட்டத்தில் வாழ்ந்த அவருக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை. உறவினர் குழந்தைகளுக்காகக் கையால் புத்தகங்கள் செய்து கொடுத்துவந்தார். 1783இல் வெளிவந்த அவரது 'ஈக்களைப் பிடிக்கும் சிலந்திவலைகள்' இரண்டு பாகங்கள் கொண்டது. முதல் பாகம் மூன்றெழுத்துச் சொற்களில் தொடங்கி ஆறெழுத்துச் சொற்கள் வரை போகிறது. இரண்டாம் பாகம் ஓரசையில் தொடங்கி நான்கசைச் சொற்கள் வரை செல்கிறது. இன்று நாம் வகுப்பில் பயன்படுத்தும் படிநிலை வாசிப்பு நூல்களின் அடிப்படை விதி அதில் ஏற்கெனவே இருக்கிறது.

ஃபென் நூலோடு நிற்கவில்லை. எழுத்து அட்டைகள், சொல் அட்டைகள், படங்கள் அடங்கிய கற்பித்தல் பெட்டியையும் உருவாக்கினார். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் நூலை மார்ஷல் 1785இல் வெளியிட்டார். நூலும் துணைக்கருவியும் சேர்ந்த தொகுப்பு அது.

டாரதி கில்னர், அவருடைய அண்ணி மேரி ஆன் கில்னர் ஆகியோரும் மார்ஷலுக்கு எழுதினார்கள். டாரதியின் கதையை ஓர் எலி சொல்கிறது. மேரி ஆனின் கதையை ஓர் ஊசிமெத்தை சொல்கிறது. ஒரு பொருளோ பிராணியோ தன் கதையைத் தானே சொல்லும் உத்தி, இன்றும் நாம் கட்டுரைப் பயிற்சிக்குக் கொடுக்கும் 'நான் ஒரு மரம் பேசுகிறேன்' வகைதான். பன்னிரண்டு குழந்தைகளின் தாயான சாரா டிரிம்மர், சுவரில் மாட்டி வைக்கத்தக்க வரலாற்றுப் படங்களையும் அவற்றுக்கான விளக்க நூல்களையும் மார்ஷல் மூலம் கொண்டுவந்தார். வகுப்பறைச் சுவர்ப்படத்தின் முன்னோடி என்று அதைச் சொல்லலாம். ராபின் பறவைக் குடும்பத்தை வைத்து உயிர்களிடம் இரக்கம் கற்பிக்கும் அவரது 1786ஆம் ஆண்டு நூல் அடுத்த நூற்றாண்டு முழுவதும் வாசிக்கப்பட்டது.

சிற்றாடைக் கதைகள் அல்ல, சிந்திக்கும் கதைகள்

மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பள்ளி நடத்திப் பார்த்தவர். பின் அயர்லாந்தில் ஒரு பிரபுவின் வீட்டில் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்து, 1787இல் வேலையை இழந்து லண்டன் வந்தார். கையில் பணமில்லாமல் வந்தவருக்கு ஜான்சன் ஒரு வீட்டை ஏற்பாடு செய்து, மொழிபெயர்ப்பு, நூல் மதிப்புரை என்று தொடர்ந்து வேலையும் கொடுத்தார். எழுத்தையே தொழிலாகக் கொண்டு ஒரு பெண் தனித்து வாழ அது வழி செய்தது. 1788இல் அவரது 'உண்மை வாழ்விலிருந்து கதைகள்' வெளிவந்தது. 1791ஆம் ஆண்டுப் பதிப்புக்கு வில்லியம் பிளேக் படங்கள் செதுக்கினார். நூலின் முன்னுரை குறித்து ஜான்சன் மாற்றுக்கருத்துச் சொன்னபோது, அதை ஏற்க மறுத்து வுல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. மறுத்த எழுத்தாளரை ஜான்சன் கைவிடவில்லை. 1792இல் பெண்ணுரிமை பற்றிய அவரது புகழ்பெற்ற நூலையும் அவரே பதிப்பித்தார்.

மரியா எட்ஜ்வர்த்தின் பதிப்பாளரும் ஜான்சன்தான். அயர்லாந்தில் வாழ்ந்த மரியாவின் தந்தைக்கு நான்கு திருமணங்கள் மூலம் 22 குழந்தைகள். மரியா கதையை முதலில் சிலேட்டில் எழுதித் தம்பி தங்கையருக்குப் படித்துக் காட்டுவார். அவர்களுக்குப் பிடித்தால் மட்டுமே தாளில் ஏறும். 1796இல் வெளிவந்த அவரது தொகுப்பில் 'ஊதாச் சாடி' என்றொரு கதை உண்டு. ரோசமண்ட் என்ற சிறுமியின் காலணி பிய்ந்துபோயிருக்கிறது. மருந்துக்கடைச் சன்னலில் பார்த்த ஊதா நிறக் கண்ணாடிச் சாடியா, புதிய காலணியா என்று தாய் கேட்க, அவள் சாடியைத் தேர்ந்தெடுக்கிறாள். வீட்டுக்கு வந்து உள்ளே இருந்த நீரைக் கொட்டியதும் நிறம் போய்விடுகிறது. நிறம் சாடியுடையது அல்ல, நீருடையது. அந்த மாதம் முழுவதும் அவள் பிய்ந்த காலணியோடு நடக்கிறாள். தாய் அறிவுரை சொல்லித் தடுத்திருக்க வேண்டுமா, அனுபவமே ஆசிரியராகட்டும் என்று விட்டது சரியா? இந்தக் கேள்விக்கு இன்றும் இரண்டு பதில்கள் உண்டு.

1798இல் தந்தையும் மகளும் சேர்ந்து எழுதிய 'நடைமுறைக் கல்வி' வெளிவந்தது. குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள், எதில் தவறுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று வீட்டில் குறித்துவைத்தவற்றை அடிப்படையாகக் கொண்ட நூல் அது. மறு ஆண்டே ஜான்சன், அரசை எதிர்த்த ஒரு துண்டு நூலை விற்ற குற்றத்துக்காக ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். சிறுவர் நூல்களைத் துணிந்து வெளியிட்ட அதே மனிதர், கருத்துச் சுதந்திரத்துக்கும் விலை கொடுத்தார்.

குவேக்கர் அச்சகமும் ஒரு விதவையின் கடையும்

வில்லியம் டார்ட்டன் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். 1787இல் தொழில் தொடங்கி, பின் ஜோசப் ஹார்வியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் வெளியிட்டு வந்த சிறுவர் நாட்குறிப்பின் புதிர்ப் போட்டிக்கு எழுதிப் போட்டவர்களுள் ஆன் டெய்லர் என்ற இளம்பெண்ணும் ஒருவர். செப்புத்தகடு செதுக்கும் தந்தையின் பட்டறையில் நாள்தோறும் வேலை செய்தபடி ஆனும் தங்கை ஜேனும் எழுதினார்கள். டார்ட்டன் அவர்களிடம் கவிதைகள் கேட்டு வாங்கினார். 1804இல் வெளிவந்த முதல் தொகுப்பின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை, 'பல இளையோர் எழுதியது' என்றே இருந்தது. 1806இல் வந்த அடுத்த தொகுப்பில் ஜேன் எழுதிய 'விண்மீன்' என்ற கவிதை இடம்பெற்றது. மின்னும் விண்மீனைப் பார்த்து வியக்கும் அந்த ஆங்கிலப் பாடலை இன்று நம் மழலையர் வகுப்புகளில் பாடாத குழந்தை இல்லை. அதை எழுதியவர் யார் என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

பிரிசில்லா வேக்ஃபீல்டும் குவேக்கரே. சகோதரிகளின் கடிதங்கள் வடிவில் அவர் எழுதிய 'தாவரவியல் அறிமுகம்' 1796இல் வெளிவந்தது. லின்னேயஸின் வகைப்பாட்டைச் சிறுமியர் தாமாகப் படித்தறிய உதவிய நூல் அது. அதை வெளியிட்டவர்களில் ஒருவர் எலிசபெத் நியூபெரி. ஜான் நியூபெரியின் உறவினரை மணந்த இவர், 1780இல் கணவர் இறந்தபின் இருபதாண்டுக்கு மேலாகக் கடையைத் தம் பெயரிலேயே நடத்தி, சிறுவர் நூல்களை வெளியிட்டார்.

விதவையானபின்தான் அவர் பெயர் நூலில் ஏறியது தற்செயல் அல்ல. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட இருப்பு கிடையாது. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது, அவள் ஈட்டும் பணம் கணவனுக்கே உரியது. 1870ஆம் ஆண்டுச் சட்டம்தான் மணமான பெண்ணின் உழைப்பூதியத்தை அவளுக்கே உரியதாக்கியது. மணமாகாத பெண்ணும் விதவையும் மட்டுமே பதிப்பாளரோடு நேரடியாகக் கணக்குப் பேச முடிந்தது.

மறைந்த பெயர்கள்

எலனோர் ஃபென் 'டீச்வெல் அம்மையார்', 'லவ்சைல்ட் அம்மையார்' என்ற புனைபெயர்களில் எழுதினார். டாரதி கில்னர் வெறும் இரண்டு தலைப்பெழுத்துகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். சில நேரம் மறைத்தது அடக்கம், சில நேரம் வணிகம். 1807இல் வெளிவந்த 'ஷேக்ஸ்பியர் கதைகள்' நம் பள்ளி நூலகங்களிலும் காணக்கூடியது. அதிலுள்ள 20 கதைகளில் 14 மேரி லாம் எழுதியவை, ஆறு மட்டுமே தம்பி சார்லஸ் எழுதியவை. முகப்பில் சார்லஸ் பெயர் மட்டுமே அச்சானது. அதை வெளியிட்ட கடையை நடத்தியவர்கள் மேரி ஜேன் காட்வினும் அவர் கணவர் வில்லியம் காட்வினும். வில்லியமின் அரசியல் பெயர் வணிகத்தைக் கெடுக்கும் என்று அஞ்சி, அவரும் வேறு பெயர்களிலேயே எழுதினார்.

கதையா, அறிவா?

இந்த நூல்களை எல்லோரும் வரவேற்கவில்லை. அறிவூட்டும் நூல்கள் பெருகியதால் பழைய கதைப் புத்தகங்கள் கடைகளில் கிடைப்பதில்லை என்று 1802இல் சார்லஸ் லாம் தன் நண்பர் கோல்ரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில் கடிந்துகொண்டார். தகவல்களைத் திணித்தால் கற்பனை வறண்டுவிடும் என்பது அவர் கவலை. பார்பால்டின் பெயரையும் டிரிம்மரின் பெயரையும் சொல்லியே குறை கூறினார்.

மறுபுறம், டிரிம்மர் 1802 முதல் 1806 வரை நடத்திய இதழ், சிறுவர் நூல்களைத் தொடர்ந்து மதிப்பிட்ட முதல் பிரிட்டிஷ் இதழ் ஆகும். சிண்ட்ரெல்லா போன்ற தேவதைக் கதைகள் பொறாமையையும் மாற்றாந்தாய் மீதான வெறுப்பையும் வளர்க்கும் என்ற கருத்து அதில் வெளிவந்தது. இரு தரப்பும் சற்று மிகைப்படுத்தியது என்றே சொல்ல வேண்டும். பார்பால்டின் பாடங்களில் உரையாடலும் விளையாட்டும் இருக்கின்றன. கற்பனைக்கு வாதாடிய லாம் குடும்பமும் பள்ளிச் சிறுமியர் பற்றிய நூலை எழுதியது.

அறிவு நூல் கற்பனையைக் கொல்லும் என்ற வாதத்துக்கு ஓர் எதிர்ச் சான்றும் உண்டு. ஜேன் மார்செட் 1806இல் பெயரின்றி வெளியிட்ட 'வேதியியல் உரையாடல்கள்' நூலில் ஓர் ஆசிரியை இரண்டு மாணவியரோடு பேசியபடி சோதனைகள் செய்கிறார். லாங்மன் நிறுவனம் வெளியிட்ட அந்த நூல், கட்டமைப்புக்காக ஒரு புத்தகக் கட்டுநர் கடைக்கு வந்தது. அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த ஏழைச் சிறுவன் அதைப் படித்து, தன் கைக்காசில் முடிந்த சோதனைகளைச் செய்து பார்த்தான். அவன்தான் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் அந்த நூலுக்குத் தான் பட்ட கடனை அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். சிறுமியரும் பெண்களும் படிக்க எழுதப்பட்ட நூல், பள்ளிப்படிப்பு முடிக்காத ஒரு தொழிற்பழகுநரை அறிவியலுக்குக் கொண்டுவந்தது.

சென்னையைத் தொட்ட இழை

இந்த வரலாற்றின் ஓர் இழை நம் ஊரையும் தொடுகிறது. 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது பெயர் பெற்றது. இதே முறையை ஒத்த பள்ளிகளை ஜோசப் லங்காஸ்டர் நடத்தியபோது, 1805இல் பெல்லுக்கு ஆதரவாக நூல் எழுதி விவாதத்தில் இறங்கியவர் சாரா டிரிம்மர்தான். நம் திண்ணைப் பள்ளியின் மணலும் லண்டன் பெண் எழுத்தாளரின் பேனாவும் ஒரே விவாதத்தில் சந்தித்தன.

வகுப்பறைக்கு

இந்த வரலாற்றிலிருந்து வகுப்புக்கு எடுத்துச் செல்லச் சில செயல்பாடுகள் உண்டு.

தொடக்க வகுப்புகளில், நூலகத்திலிருந்து ஐந்தாறு புத்தகங்களைக் குழந்தைகள் முன் பரப்பி, எது படிக்க எளிது, ஏன் என்று கேட்கலாம். எழுத்தின் அளவு, இடைவெளி, படம், புத்தகத்தின் எடை என்று அவர்களே சொல்வார்கள். பார்பால்ட் பதிப்பாளரிடம் கேட்டதும் இதைத்தான். புத்தகத் தேர்வில் குழந்தையின் குரலுக்கு இடம் தர இது நல்ல தொடக்கம்.

உயர்நிலை வகுப்புகளில், ஒவ்வொரு நூலின் முகப்புப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொல்லலாம். எழுதியவர் யார், வரைந்தவர் யார், வெளியிட்டவர் யார், யாருடைய பெயர் இல்லை? மேரி லாமின் கதையைச் சொன்னபின் இந்தக் கேள்வி மாணவர்களுக்குப் புதிதாகப் படும்.

'ஊதாச் சாடி' கதையைச் சொல்லி, தாய் செய்தது சரியா என்று இரு அணிகளாகப் பிரித்து விவாதிக்கச் செய்யலாம். வண்ண நீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பியைக் காட்டினால் அறிவியல் பாடமும் சேர்ந்துவிடும்.

மரியா எட்ஜ்வர்த்தின் சிலேட்டு நமக்கும் உதவும். வகுப்புக்கென ஒரு கதையோ பயிற்சித்தாளோ எழுதும்போது, முதலில் கரும்பலகையில் எழுதிக் குழந்தைகளிடம் படித்துக் காட்டலாம். அவர்கள் தடுமாறும் சொல்லை மாற்றலாம், சலிக்கும் பகுதியை வெட்டலாம். பிறகு நகலெடுக்கலாம்.

இக்கட்டுரையில் வந்த பெண்களில் பலர், தம் கண் முன் இருந்த ஒரு குழந்தைக்கோ ஒரு வகுப்புக்கோ வேண்டியது கடையில் கிடைக்காததால் எழுதத் தொடங்கியவர்கள். அச்சிடத் துணிந்த ஒருவர் கிடைத்ததால் அந்த எழுத்து மற்றக் குழந்தைகளையும் எட்டியது. நம் பள்ளிகளிலும் ஆசிரியர்கள் உருவாக்கிய அட்டைகளும் கதைகளும் பல அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றை அடுத்த வகுப்புக்கும் அடுத்த பள்ளிக்கும் கொண்டுசெல்ல இன்று ஓர் அச்சகம்கூடத் தேவையில்லை. செய்தவர் பெயரையும் சேர்த்தே அனுப்புவோம்.